கோடை இரவும் குளிர் காக்கும் பையும்

கோடை என்றாலே வெம்மை என்று கொள்ளுதல் சமவெளியில் வாழ்வோரின் வழக்கம். மலையேறிப் பழகியோர் அவ்வாறு கொள்வதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரைப் பாகை குறைகின்றது. கலிபோர்னியாவின் சியாரா நெவாடா மலைத்தொடரில், பகலில் சட்டையைக் கழற்றிவிடலாமா என்று எண்ணவைக்கும் சூலை, ஆகஸ்டு மாதங்களிலேகூட, 3,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் விடியற்காலையில் பாத்திரத்து நீரின்மேல் மெல்லிய பனிக்கட்டி ஏடு படிந்திருப்பது அரிதன்று. அவ்வளவு தூரம் போவானேன்? நிலநடுக்கோட்டுக்கு ஆறு பாகை மட்டுமே வடக்கே நிற்கும் கினபாலு மலையின் 4,095 மீட்டர் உச்சியை நோக்கி இருட்டிலே புறப்படும் மலேசிய மாணவர்களும், வெப்ப நாட்டுக் குளிர் எத்தகையது என்பதை விரல் நுனியில் உணர்ந்து திரும்புகின்றனர்.

முதுகிலே மூட்டையைச் சுமந்து, நாள்தோறும் நடந்து, இரவில் வெட்டவெளியிலோ சிறு கூடாரத்திலோ படுத்தெழுந்து செல்லும் நடைப்பயணம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அப்பயணத்தில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. எவ்வளவு கதகதப்பான படுக்கையைச் சுமப்பது என்பதே அது. குறைத்துச் சுமந்தால் இரவெல்லாம் நடுக்கம். கூட்டிச் சுமந்தால் பகலெல்லாம் முதுகுவலி. குளிர்காலப் பயணத்திலே இவ்வழக்குக்கு இடமில்லை. கனமானதைத்தான் எடுத்தாக வேண்டும். கோடையிலேதான் மனிதன் ஏமாறுகிறான். பகல் வெயில் அவனை மயக்கிவிடுகிறது. 'ஸ்லீப்பிங் பேக்' எனப்படும் உறங்குபையின் வரலாறு இந்த வழக்குக்குத் தீர்ப்புக் காண மனிதர் முயன்ற வரலாறே. அத்தீர்ப்பு கிட்டத்தட்ட 150 ஆண்டு தாமதமாயிற்று. பையே வெப்பத்தைத் தருகிறது என்று நெடுங்காலம் நம்பியதுதான் அத்தாமதத்துக்குக் காரணம் எனலாம்.

எல்லைக் காவலரும் மலையேறிகளும்

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே கிடக்கும் பிரினீசு மலைக் கணவாய்களில் கள்ளக் கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர் இரவில் காத்துக் கிடந்தனர். தீ மூட்டினால் கடத்தல்காரன் கண்டுகொள்வான். எழுந்து நடமாடினாலும் காரியம் கெடும். ஆகவே அவர்கள் ஆட்டுத் தோலை மயிர்ப்புறம் உள்ளே இருக்கும்படி தைத்த பைகளுக்குள் புகுந்து படுத்தனர். விடிந்ததும் பையைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினர். ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் 1855ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை விரித்தெழுதிய 'பயணக் கலை' என்னும் நூல், இப்பைகளைப் பயணிகளுக்கு விவரித்துக் காட்டியது. ஏழைக் காவலனின் தொழிற்கருவி செல்வர் வீட்டு இளைஞரின் பொழுதுபோக்குக் கருவியாக மாறத் தொடங்கியது இக்காலத்திலேதான்.

ஏனெனில் ஆல்ப்சு மலையுச்சிகளை எட்டிப் பிடிக்கும் ஆவல் அப்போது இங்கிலாந்தில் பெருகியிருந்தது. உச்சியை அடைய வேண்டுமானால் முந்திய இரவைப் பாறை இடுக்கிலே கழித்தாக வேண்டும். பிரிஸ்டல் நகரை அடுத்து வாழ்ந்த பிரான்சிஸ் பாக்ஸ் டக்கெட் என்பவர் 1861ஆம் ஆண்டில் தாம் அமைத்த உறங்குபை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். மேலே கம்பளி, தரையைத் தொடும் அடிப்புறத்தில் ரப்பர் பூசிய துணி. சில ஆண்டுகளில் அதற்குத் திருத்தமான வடிவமும் கிடைத்துவிட்டது. குளிர் மேலிருந்து மட்டும் வருவதன்று, கீழிருந்தும் வருகிறது என்பதை டக்கெட் அறிந்திருந்தார் என்பதற்கு அந்த அடிப்புறமே சான்று. எனினும் ரப்பர் பூச்சு ஈரத்தைத் தடுத்ததே அன்றித் தரையின் குளிரைப் பெரிதும் தடுத்திருக்க இயலாது.

ரப்பர் என்றதும் தோட்டங்கள் நினைவுக்கு வருவது இந்நாட்டாருக்கு இயல்பு. ஆனால் டக்கெட்டின் பையில் பூசிய ரப்பர் தோட்டத்து ரப்பர் அன்று. காட்டு மரங்களில், பெரும்பாலும் அமேசான் காடுகளில், வடித்த பாலே அந்நாளில் ஐரோப்பாவுக்குச் சென்றது. ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது 1876இல். அவற்றின் கன்றுகள் சிங்கப்பூரையும் கோலகங்சாரையும் அடைந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

விந்தை என்னவெனில், அதே 1876ஆம் ஆண்டில்தான் ரப்பர்த் தலையணை ஒன்றை உள்ளடக்கிய உறங்குபைக்கு வேல்சு நாட்டு வணிகர் ஒருவர் காப்புரிமை பெற்றார். நியூடவுன் என்ற சிற்றூரில் கம்பளித் துணி விற்றுவந்த பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் அவர். அஞ்சல் வழியே பொருள் விற்கும் வாணிகத்தின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். அவர் தம் கம்பளிப் பைக்கு 'யூக்ளிசியா' என்று பெயரிட்டார். நற்படுக்கை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கிய பெயர் அது. உருசியப் படை துருக்கியருடன் 1877இல் போரிட்டபோது 60,000 பைகள் வேண்டுமென்று அவருக்குச் சொல்லியனுப்பியது. பிளெவ்னா கோட்டை முற்றுகையின்போது உருசிய வீரர் சிலர் இப்பைகளிலே படுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் கோட்டை வீழ்ந்தது. உருசியர் எஞ்சிய பைகள் வேண்டாமென்று கூறிவிட்டனர். கையிருப்பில் மீந்த 17,000 பைகளையும் என்செய்வது? பிரைஸ்-ஜோன்ஸ் அவற்றைத் தம் விலைப்பட்டியலில் சேர்த்துப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். போர் விரைவில் முடிந்ததனால் போர்ப்பொருள் மக்கள்பொருள் ஆயிற்று. இவ்வாறு நேர்வது வரலாற்றில் பிறகும் பலமுறை காணத்தக்கதே.

ஒரு கழுதையின் கதை

படுக்கையின் கனம் பயணத்தையே எவ்வாறு மாற்றிவிடும் என்பதற்கு ராபர்ட் லூயி ஸ்டீவன்சனைக் காட்டிலும் நல்ல சான்று இல்லை. 'புதையல் தீவு' எழுதிப் புகழ்பெறுவதற்கு முன்னர், 27 வயதில், அவர் பிரான்சின் தென்பகுதியிலுள்ள செவென் மலைப்பகுதியில் தனியே நடக்கப் புறப்பட்டார். ஆண்டு 1878, செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 3 வரை. கோடை கழிந்து இலையுதிர் காலம் தொடங்கும் வேளை. கூடாரம் கட்டுவதும் பிரிப்பதும் தொல்லை, வழிப்போக்கர் கண்ணிலும் படும் என்றெண்ணி, அவர் தாமே திட்டமிட்டு உறங்குபை ஒன்றைத் தைப்பித்தார். வெளிப்புறம் வண்டிகளின்மேல் மூடும் பச்சை நிற நீர்புகாத் துணி. உட்புறம் நீலம் தோய்த்த ஆட்டு உரோமம். ஏறத்தாழ ஆறடிச் சதுரம். பகலில் அது பெட்டி, இரவில் படுக்கை. எழுத்தாளர் மனத்தில் அது மிக அழகிய ஏற்பாடாகவே தோன்றியிருக்கும்.

பை தயாரானதும் உண்மை தெரிந்தது. அதை மனிதன் தோளில் தூக்கிச் செல்ல இயலாது. ஆகவே ஒரு விலங்கு தேவைப்பட்டது. குதிரை விலையுயர்ந்தது, நோய்வாய்ப்படுவது. எனவே 65 பிராங்கும் ஒரு குவளைப் பிராந்தியும் கொடுத்து மொடஸ்டின் என்ற சிறு பெண் கழுதையை வாங்கினார். அதன் பின்னர் நடந்ததெல்லாம் கழுதையின் கதைதான். அது நடக்கும் வேகமே அவர் நடக்கும் வேகம். அது நின்றால் அவரும் நின்றார். மூட்டை சரிந்து தெருவில் விழுந்தது, ஊரார் சிரித்தனர். பயணத்தின் முடிவில் அவர் மொடஸ்டினைச் சேணத்தோடு 35 பிராங்குக்கு விற்றார். விற்றபின் அதற்காக அழவும் செய்தார். 'செவென் மலைப்பகுதியில் கழுதையுடன் பயணம்' என்று 1879இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது.

உரோமப் பை அவரைக் குளிரிலிருந்து காத்தது மெய்தான். லோசேர் மலையில் பைன் மரங்களினிடையே தனித்துக் கழித்த இரவை அவர் இன்பமாக நினைவுகூர்கிறார். ஆனால் இலையுதிர்காலத் தொடக்கத்துக்கு அது தேவைக்கு மிஞ்சிய காப்பு. ஒரு கழுதையும், பயண விடுதலையில் பாதியும் அதற்கு விலையாயின.

பனியில் கற்ற பாடம்

வெப்பம் பையிலிருந்து வருவதில்லை, படுப்பவனிடமிருந்தே வருகிறது என்பதை முதலிலே செயலில் காட்டியவர் நார்வே நாட்டுப் பிரிட்ஜோப் நான்சன் என்று கூறலாம். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு நடுவில் அவரும் தோழர் ஐவரும் கிரீன்லாந்தின் பனிமேட்டைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கத் தொடங்கினர். நாட்காட்டியில் அது கோடை. மேட்டின் உச்சியிலோ செப்டம்பர் இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே 45 பாகை வரை குளிர் இறங்கியது. ஆறு பேருக்கு ஆறு பை எடுத்தால் சறுக்குவண்டியை இழுக்க இயலாது. நான்சன் கலைமான் தோலால் தைத்த இரண்டே பைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் மூவர் படுத்தனர். ஆறு உடல்களின் சூட்டை ஆறு இடங்களில் சிதறவிடாமல் இரண்டு இடங்களில் சேர்த்து வைத்ததால் பையின் கனம் குறைந்தது, கதகதப்பு குறையவில்லை. ஒருவர் புரண்டால் மூவரும் விழிக்க நேரும் என்பது வேறு செய்தி.

அவரே 1895இல் யால்மர் யோகன்சனுடன் வட துருவம் நோக்கிச் சென்றபோது வேறொரு பகைவனைக் கண்டார். நடக்கும்போது சிந்திய வியர்வை கம்பளி உடையிலே உறைந்து, உடை இரும்புக் கவசம்போல் ஆயிற்று. சட்டைக் கையின் உறைந்த விளிம்பு மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கியது. இரவில் பைக்குள் புகுந்ததும் முதல் வேலை அக்கவசத்தை உடற்சூட்டால் உருக்குவது. உருகிய நீர் எங்கே போகும்? பைக்குள்ளேயேதான்.

இதன் கொடிய வடிவத்தைத் தென் துருவத்தில் காணலாம். ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்ட் ஆகிய மூவர் 1911ஆம் ஆண்டு சூன் 27இல் நடுக்குளிர்கால இருளில் எம்பரர் பென்குயின் முட்டைகளைத் தேடிக் குரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்டு முதல் நாள் திரும்பினர். குளிர் ஒருமுறை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகையையும் தாண்டியது. அவர்களின் உறங்குபைகளைப் புறப்படும்போதும் திரும்பியபோதும் நிறுத்துப் பார்த்திருக்கின்றனர். செர்ரி-காரார்டின் பையும் அதனுள் இட்ட தூவி உறையும் புறப்பட்டபோது 18 பவுண்டு. திரும்பியபோது 45 பவுண்டு. வில்சனுடையது 17லிருந்து 40 ஆயிற்று. பவர்ஸின் பை 17லிருந்து 33. மூன்றும் சேர்ந்து 52 பவுண்டு 118 பவுண்டாகப் பெருகிவிட்டது. கூடிய 66 பவுண்டும் எங்கிருந்து வந்தது? மூச்சிலும் தோலிலும் வெளிப்பட்ட நீராவி பையின் மயிர்களுக்கிடையே உறைந்த பனிக்கட்டியே அது. காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பனிக்கட்டி பிடித்துக்கொண்டது. மூவரும் ஒவ்வோர் இரவும் பனிக்கட்டிப் பெட்டிக்குள் தம்மைத் தாமே திணித்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தனர்.

குளிர்காலத்துக் கதை கோடைக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கோடையில் நேர்வதும் இதுவே, அளவுதான் வேறு. பயந்து மிகக் கனமான பையை எடுத்துச் செல்லும் கோடைப் பயணி முன்னிரவில் வியர்க்கிறான். அந்த ஈரம் பையிலும் உடையிலும் ஊறுகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் குளிர் உச்சத்தை அடையும்போது ஈரப் பையில் கிடக்கிறான். மிகை வெப்பம் குளிருக்கு வழி திறந்துவிடுகிறது. குளிர் தாக்கும் முன்பே பையின் வாயைச் சற்றுத் திறந்துவைக்கும் பழக்கம், பையின் தரத்தைவிட அவனுக்கு மிகுதியும் உதவியிருக்கும்.

தூவியும் செம்பு மனிதனும்

கம்பளியும் தோலும் போய்ப் பறவையின் தூவி வந்தது அடுத்த படி. தூவி என்பது பறவையின் மார்பிலும் அடிவயிற்றிலும் உள்ள தண்டில்லா மென்சிறகு. இதற்குத் தமிழர் புதிதாகப் பெயர் தேட வேண்டியதில்லை. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருக்கிறது. தூவி தானே வெப்பம் தருவதன்று. தன் நுண்ணிய இழைகளால் காற்றை அசையாமல் சிறைப்பிடித்து வைக்கிறது. அசையாக் காற்றே வெப்பத்தைக் கடத்தாத காப்பு. வேதியியல் அறிஞரான ஜார்ஜ் பிஞ்ச் 1922இல் எவரெஸ்டுக்குச் சென்றபோது பலூன் துணியால் தைத்துத் தூவி நிரப்பிய மேற்சட்டை ஒன்றை அணிந்து சென்றார். கம்பளி உடுத்த தோழர்கள் முதலில் நகைத்தனர். குளிர் ஏற ஏற நகைப்பு நின்றுவிட்டது. ஆயினும் தூவிக்குப் பெருங்குறை ஒன்றுண்டு. நனைந்தால் அது குழைந்து கட்டிப்படும். சிறைப்பட்ட காற்றெல்லாம் வெளியேறிவிடும். 1970களிலிருந்து பாலியெஸ்டர் இழைகளைக் கொண்ட பைகள் பெருகியதும், 1980களில் அமெரிக்கப் படைக்காக 'பிரைமாலாப்ட்' என்ற நுண்ணிழை உருவானதும் இக்குறையை நீக்கத்தான். இவை தூவியைவிடச் சற்றுக் கனமானவை. ஆனால் நனைந்தாலும் முற்றாகக் கைவிடுவதில்லை.

ஆனால் ஒரு பை எத்தனை பாகைக் குளிருக்குத் தாங்கும் என்பதை எவ்வாறு அறிவது? 'இது கதகதப்பானது' என்று வணிகர் கூறினார், வாங்குவோர் நம்பினர். இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. அலூட்டியன் தீவுகள் முதல் இத்தாலிய மலைகள் வரை போரிடும் வீரருக்கு எவ்வளவு உடை தேவை என்று படைத்துறை கேட்டபோது, நயமான சொல் போதவில்லை, எண் தேவைப்பட்டது. கேகி, பர்ட்டன், பேசட் ஆகிய மூன்று அறிஞர்கள் 1941இல் 'குளோ' என்ற அளவை முன்மொழிந்தனர். காற்றோட்டம் குறைந்த, 21 பாகை வெப்பமுள்ள அறையில் அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு இதமாயிருக்கப் போதுமான உடையின் காப்பு ஒரு குளோ. அதே காலப்பகுதியில் செம்பினால் மனித உருச் செய்து, உள்ளே மின்சாரத்தால் சூடேற்றி, அதற்கு உடை உடுத்திப் பை போர்த்திக் குளிரறையிலே கிடத்தினர். உருவின் தோலை ஒரே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அவ்வளவு வெப்பம் பை வழியே கசிகிறது என்பது கணக்கு. நடுங்கவோ பொய் சொல்லவோ அறியாத அச்செம்பு மனிதனே உறங்குபையின் முதல் நேர்மையான சாட்சி.

உறங்கும் உயிருள்ள மனிதன் எவ்வளவு வெப்பம் தருகிறான்? ஏறத்தாழ 70 முதல் 80 வாட் வரை. பழைய மின்விளக்குக் குமிழ் ஒன்றின் அளவே. அந்தச் சிறு விளக்கின் சூட்டைக் காலை வரை காத்துவைப்பதுதான் பையின் வேலை. பட்டினியாய்ப் படுத்தாலோ, களைத்துச் சோர்ந்தாலோ அவ்விளக்கின் ஒளி மங்கும். எத்தகைய பையும் அப்போது பாதிப் பயனே தரும்.

தரையின் குளிர்

பையின் மேற்புறத்தைப் பற்றி இவ்வளவு ஆய்ந்தோர் அடிப்புறத்தை நெடுநாள் புறக்கணித்தனர். படுப்பவனின் எடையால் முதுகின் கீழுள்ள தூவி நசுங்கிவிடுகிறது. அங்கே காற்றும் இல்லை, காப்பும் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையாயினும் அடியில் அது வெறும் துணியே. பழைய காட்டுவாசிகள் இதை அறிவியல் சொல்லாமலே அறிந்திருந்தனர். அமெரிக்கக் காடுகளில் பால்சம் மரத்தின் கிளைகளை ஓலை வேய்வதுபோல் அடுக்கி அதன்மேல் படுத்தனர். ஹோரஸ் கெப்பார்ட் 1906இல் எழுதிய காட்டு வாழ்க்கை நூலில் அத்தகைய படுக்கைக்கு இடம் உண்டு. பயணிகள் பெருகவே மரங்கள் மொட்டையாகும் நிலை வந்தது. இன்று அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அவ்வாறு கிளை வெட்ட இடமில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியோர் போயிங் விமான நிறுவனத்தில் பணிபுரிந்து 1970களின் தொடக்கத்து ஆட்குறைப்பில் வேலையிழந்த பொறியாளர்கள் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் ஆகியோரும் அவர்களின் தோழர் ஜான் பரோஸும். தோட்ட வேலையின்போது முழங்காலுக்கு இடும் நுரைமெத்தையின்மேல் மண்டியிட்ட லீ, அழுத்தும்போது அதனுள்ளிருந்து காற்று வெளியேறுவதைக் கவனித்தார். நுரையைக் காற்றுப்புகா உறைக்குள் அடைத்து, வாயில் ஓர் அடைப்பானும் வைத்தால், அடைப்பானைத் திறந்ததும் மெத்தை தானே காற்றை உறிஞ்சிப் புடைக்கும். மூடினால் காற்று நிற்கும். 'தெர்ம்-ஏ-ரெஸ்ட்' என்ற மெத்தை இவ்வாறு பிறந்தது. முழங்காலுக்கு இட்ட மெத்தை முதுகைக் காக்க வந்தது.

ரே ஜார்டின் என்னும் மலையேறி இன்னும் ஓர் அடி முன்வைத்தார். 1992இல் அவர் வெளியிட்ட நடைப்பயணக் கையேட்டில், நசுங்கிப் பயனற்றுப்போகும் அடிப்பகுதியைச் சுமப்பானேன் என்று கேட்டார். அடியில் மெத்தை, மேலே அடிப்புறமில்லாத தூவிப் போர்வை. இருவர் சேர்ந்து நடந்தால் இருவருக்கும் ஒரே போர்வை. 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பசிபிக் முகட்டுப் பாதையைத் தம் மனைவியோடு நடந்தவர் சொன்னதால் மக்கள் செவிசாய்த்தனர். நான்சனின் மூவர் பையை இது நினைவூட்டுகிறதல்லவா? தோற்றத்தில் புதியது, அடிப்படையில் 1888ஆம் ஆண்டுக்கு உரியது.

எண் யாருக்குரியது?

வணிகர்கள் பையின்மேல் தாம் விரும்பிய எண்ணை அச்சிட்டு வந்த வழக்கத்துக்கு ஐரோப்பா 2002இல் முற்றுப்புள்ளி வைக்க முயன்றது. அவ்வாண்டு வெளிவந்த ஈ.என். 13537 என்னும் தரவிதியும், அதன் இடத்தில் 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. 23537 என்னும் உலகத் தரவிதியும் வெப்ப உருவைக் கொண்டு பையை அளக்கச் சொல்கின்றன. அளந்தபின் வெவ்வேறு எண்கள் தரப்படுகின்றன. ஒன்று இதநிலை: இயல்பாகப் படுத்திருக்கும் பெண்ணொருத்தி குளிராமல் உறங்கத்தக்க வெப்பம். மற்றொன்று கடைநிலை: ஆண் ஒருவன் உடலைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் ஒருவாறு உறங்கத்தக்க வெப்பம். மூன்றாவது ஆபத்துநிலை: ஒரு பெண் உறக்கமின்றி ஆறு மணி நேரம் உயிர் தப்பிக் கிடக்கத்தக்க எல்லை. இதற்கு மேலே, ஒருவர் மிகுதியாக வியர்க்காமல் படுக்கத்தக்க மேல் எல்லையும் உண்டு. ஒரே பைக்கு இதநிலை பூச்சியம் எனில், கடைநிலை அதற்கு ஐந்தாறு பாகை கீழே நிற்கும். ஆபத்துநிலையோ 20 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். பையின் பெயரோடு ஒட்டி நிற்கும் எண் இம்மூன்றில் எது என்று கேட்டறியாத வாடிக்கையாளர், உறங்குவதற்கு வாங்குகிறாரா உயிர் தப்புவதற்கு வாங்குகிறாரா என்பதே ஐயம்.

தரவிதிக்குரிய பெண் 25 வயதினர், 1.60 மீட்டர் உயரம், 60 கிலோ எடை. ஆண் 25 வயது, 1.73 மீட்டர், 73 கிலோ. ஐம்பது வயதைக் கடந்தவரும் மெலிந்தவரும் வெப்ப நாட்டிலிருந்து வந்தவரும் தாம் அவரல்லர் என்பதை நினைவில் வைத்துச் சில பாகைகளைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். இன்னொன்று: அச்சோதனையில் வெப்ப உரு நீண்ட உள்ளாடையும் காலுறையும் அணிந்து, நல்ல காப்புள்ள பாயின்மேல் கிடக்கிறது. கோடைதானே என்று மெல்லிய காற்று மெத்தையை விரிப்பவர் பையிலுள்ள எண்ணை நம்பிப் பயனில்லை. அவர் பாய் வேறு, அந்த எண் பிறந்த பாய் வேறு. பாயின் காப்பை அளப்பதற்கு அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எப்3340 என்ற தரவிதி 2018இல்தான் வெளிவந்தது. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் முறையில் அளந்து தன்தன் எண்ணைச் சொன்னது. பைக்கு எண் கிடைத்துப் பதினாறு ஆண்டு கழித்தே பாய்க்குக் கிடைத்தது. தரையை மறந்த பழைய வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பாயின் இந்த 'ஆர்' எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது நல்ல செய்தி. இரண்டு எண்ணுடைய நுரைப்பாயின்மேல் மூன்று எண்ணுடைய மெத்தையை இட்டால் ஐந்து ஆகும்.

ஆகவே இன்று கோடைப் பயணத்துக்குப் பை தேர்பவர் முதலில் பையைப் பார்ப்பதில்லை. தாம் படுக்கப்போகும் இடத்தின் உயரத்தையும் அங்கே அம்மாதத்தில் விடியற்காலை நிலவும் குளிரையும் பார்க்கிறார். வானம் தெளிந்த இரவில் தரை தன் சூட்டை விண்ணில் இழக்கும். குளிர்ந்த காற்று கனத்தால் சரிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஓடைக்கரைப் புல்வெளி கண்ணுக்கு இனியது, படுக்கைக்குக் கொடியது. சற்று மேலேறிய சரிவிலோ மரக்கூட்டத்தின் கீழோ அதே பை பல பாகை வெப்பமாக இருக்கும். இதநிலை எண்ணைக் கொண்டு பையைத் தேர்ந்து, வியர்த்த சட்டையை மாற்றி உலர்ந்ததை அணிந்து, உண்டபின் படுப்பவருக்குச் சியாரா நெவாடாவின் ஆகஸ்டு இரவு துன்பம் தருவதில்லை. ஸ்டீவன்சனின் உரோமப் பைக்குக் கழுதை தேவைப்பட்டது. இன்று பூச்சியப் பாகைக்கு இதமான நல்ல தூவிப் பை ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குள் அடங்கிவிடுகிறது.

எனினும் இக்கணக்கு எதுவும் அறியாமல் நடந்து முடித்தவர் ஒருவர் உண்டு. ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், 67 வயதில், 1955ஆம் ஆண்டு மே மாதம் ஜார்ஜியாவிலிருந்து புறப்பட்டு, 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பலேச்சியன் பாதை முழுவதையும் தனியே நடந்து, செப்டம்பர் 25இல் மேயின் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியில் நின்றார். ஒரே பயணத்தில் அப்பாதையைத் தனியே கடந்த முதல் பெண் அவரே. அவரிடம் கூடாரம் இல்லை, உறங்குபையும் இல்லை. தாமே தைத்த துணிப்பையில் ஒரு படைவீரர் கம்பளியும், மழைக்குக் குளியலறைத் திரையொன்றும் இருந்தன. குளிர்ந்த இரவுகளில் அவர் தட்டையான பெருங்கற்களைத் தீயில் சுட்டுத் தரையில் பரப்பி, அவற்றின்மேல் படுத்துக்கொண்டார். 1957இல் அவர் மீண்டும் அதே பாதையை நடந்தார். 1964இல் மூன்றாம் முறையும் முடித்தார்.